அலையாத்திக் காட்டை மீட்க: முதலில் நீர், அடுத்து மண், கடைசியில் நாற்று

கரையோரச் சேற்றில் வரிசை பிடித்து சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் காய்களை ஆயிரக்கணக்கில் ஊன்றிவிடுவது ஒரே நாளில் முடிகிற வேலை. ஆறு மாதம் கழித்து அதே இடத்துக்குப் போனால், பெரும்பாலும் கொட்டலசு (கல்லிலும் கட்டையிலும் ஒட்டிக்கொள்ளும் சிறு ஓட்டுயிரி) அப்பிய வெறுங்குச்சிகள்தான் நிற்கும். பிலிப்பைன்ஸில் பல ஆண்டுகள் பெரும்பரப்பில் நடந்த இத்தகைய நடவுகளில் நெடுங்காலம் தப்பிப் பிழைத்தவை 10 முதல் 20 விழுக்காடு மட்டுமே. நாற்றிலும் குறையில்லை, நட்டவர்களின் உழைப்பிலும் குறையில்லை. அலையாத்தி இயல்பாக வளர்ந்த சற்று மேடான நிலமெல்லாம் மீன், இறால் பண்ணைகளாகிவிட்டது. யாரும் உரிமை கேட்காத இடமாக மிஞ்சியது கடலை ஒட்டிய தாழ்ந்த சேறு. அங்கே கொண்டுபோய் நட்டார்கள்.

ஆகவே நாற்றங்கால் போடும் முன் செய்ய வேண்டிய வேலைகள் பல இருக்கின்றன. அவற்றை ஒழுங்காகச் செய்தால் பல இடங்களில் நாற்றே நட வேண்டியிருக்காது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வெஸ்ட் லேக் பூங்காவில் ஏறத்தாழ 500 ஹெக்டேர் பரப்பில், ராபின் லூயிஸ் என்ற சூழலியலாளரின் வழிகாட்டலில், நிலமட்டத்தையும் நீரோட்டத்தையும் மட்டும் சரிசெய்தார்கள். அலையாத்தி நாற்று ஒன்றுகூட நடவில்லை. அப்பகுதிக்குரிய மூன்று வகை மரங்களும் தாமாக வந்து சேர்ந்தன.

இங்கே ஏன் காடு இல்லை?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் மண்வெட்டியை எடுக்க வேண்டாம். முதலில், அங்கே எப்போதாவது காடு இருந்ததா என்று பாருங்கள். 1972 முதல் எடுக்கப்பட்ட லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய நிலவரைபடங்கள், வான்வழிப் படங்கள் இருந்தால் இன்னும் நல்லது. சேற்றைத் தோண்டினால் பழைய அடிக்கட்டைகளும் வேர்களும் தென்படும். அந்த உப்பங்கழியில் 40, 50 ஆண்டுகளாக வலை வீசுபவர்களிடம் கேளுங்கள். எந்த ஓடை எங்கே ஓடியது, எந்த ஆண்டு கரை கட்டினார்கள் என்பதை வரைபடத்தைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள்.

காடு இருந்ததற்கான தடயமே இல்லையென்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். திறந்த சேற்றுப் படுகை வெறும் நிலம் கிடையாது. அதற்குள் புழுக்களும் சிப்பிகளும் நண்டுகளும் நெருக்கமாக வாழ்கின்றன. பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வலசை வரும் உள்ளான்களும், கோட்டான் எனப்படும் வளைந்த மூக்குள்ள கரைப்பறவைகளும் அங்கேதான் இரை பொறுக்குகின்றன. மரம் வந்தால் அவை அங்கே இறங்குவதில்லை, ஏனென்றால் எதிரி வருவது தெரியும்படி வெட்டவெளி வேண்டும். கடல்புல் படுகையில் நடுவது அதைவிட மோசம். கடற்பசுவும் ஆமையும் மேயும் இடத்தை மிதித்துக் கலக்கி, அங்கே நிற்கவே முடியாத மரத்தை ஊன்றுகிறோம். உப்புப் படிந்த சமவெளியில் உமரிச் செடி மட்டும் முளைத்திருந்தால் அதுவும் இயல்பான வாழிடமாக இருக்கலாம். ஒரு வாழிடத்தை அழித்து இன்னொன்றை வளர்ப்பதால் உயிர்ப்பன்மை கூடாது.

காடு இருந்து அழிந்த இடம் என்று உறுதியானால் அடுத்த கேள்வி: அது ஏன் தானாகத் திரும்பவில்லை? நீரோட்டம் கெடாமலும், விதை வந்து சேர்ந்துகொண்டும் இருந்தால், வெட்டப்பட்ட அலையாத்திக் காடு 15 முதல் 30 ஆண்டுகளில் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். அப்படி நடக்கவில்லை என்றால் எதுவோ தடுக்கிறது. விதை உதிரும் பருவத்தில் அந்த இடத்தில் நடந்து பாருங்கள். விதையே கண்ணில் படவில்லையென்றால் வரும் வழி அடைபட்டிருக்கிறது, அல்லது அருகில் தாய்மரம் இல்லை. விதை வந்து முளைத்து, இரண்டு இலை விட்டபின் சாகிறதென்றால் நீர்மட்டமோ உப்போ காரணம். முளைத்தவற்றின் நுனி கடிபட்டிருந்தால் ஆடுமாடு. இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

நிலமட்டத்தை அளப்பது

எல்லாம் இதில்தான் இருக்கிறது. அலையாத்தி மரங்கள் ஓதம், அதாவது நாளும் கரையேறி வடியும் கடல்நீர், ஏறி இறங்கும் உயரத்தின் மேற்பாதியில், ஏறக்குறைய சராசரிக் கடல்மட்டத்துக்கு மேலே, பேரோதம் (அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றம்) தொடும் எல்லை வரை வளர்பவை. சராசரி மட்டத்துக்குக் கீழே நட்டால் ஒரு நாளின் பெரும்பகுதி நீரில் மூழ்கி, வேர் மூச்சுவிட முடியாமல் சாகும். மலேயக் காடுகளில் பணியாற்றிய வாட்சன் 1928-இலேயே இதை எண்ணிக்கையாக எழுதிவைத்தார். மாதத்துக்கு 56 முதல் 62 முறை, அதாவது எல்லா ஏற்றத்திலும், நீர் மூடும் இடத்தில் மரம் அரிது. 45 முதல் 59 முறை மூடும் இடத்தில் சோனரேஷியா, கடலோர வெண்கண்டல் ஆகிய அலையாத்தி வகைகள். 20 முதல் 45 முறை மூடும் இடத்தில் சுரபுன்னை உட்படப் பெரும்பாலான இனங்கள். 2 முதல் 20 முறை மட்டும் மூடும் மேட்டில் காட்டின் உட்புற இனங்கள். நாளுக்கு இருமுறை ஓதம் ஏறும் கரைகளுக்கே இந்தக் கணக்கு பொருந்தும். எண்கள் இடத்துக்கு இடம் மாறினாலும், அளக்க வேண்டியது இதைத்தான்.

விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அருகில் நல்ல நிலையில் உள்ள அலையாத்திக் காடு ஒன்றை ஒப்புமைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி, காற்றில்லாத நாளில், நீர் ஏறி முடித்து அசையாமல் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில், ஒப்புமைக் காட்டிலும் உங்கள் இடத்திலும் ஒரே நேரத்தில் ஆழத்தை அளக்க வேண்டும். ஆள் போதவில்லையென்றால் முந்திய வற்றத்தில், அதாவது நீர் இறங்கியிருக்கும்போது, குச்சிகளை நட்டு, நீரில் கரையும் சாயத்தையோ சுண்ணாம்பையோ பூசிவிடுங்கள். எதுவரை கரைந்திருக்கிறதோ அதுவே நீரின் ஆழம். காட்டில் இளங்கன்றுகள் இயல்பாக முளைத்து நிற்கும் இடத்தில் 45 செ.மீ., உங்கள் இடத்தில் 80 செ.மீ. என்று வந்தால் உங்கள் நிலம் 35 செ.மீ. தாழ்ந்திருக்கிறது. அங்கே நடுவதில் பயனில்லை.

ஒப்புமைக் காட்டில் ஒரு புள்ளியை மட்டும் அளப்பது பொதுவாக நடக்கும் தவறு. கடலோர விளிம்பிலிருந்து உட்புறம் வரை ஒரு நேர்கோட்டில் 10 மீட்டருக்கு ஒரு புள்ளியாக அளந்து, ஒவ்வொரு புள்ளியிலும் என்ன இனம், இளங்கன்று உண்டா என்று குறியுங்கள். கன்றுகள் இருக்கும் மட்டமே முக்கியம், பெரிய மரங்கள் நிற்கும் மட்டம் ஏமாற்றக்கூடும். மரம் முளைத்த காலத்துக்குப் பிறகு மண் அரித்திருக்கலாம், படிந்திருக்கலாம்.

உங்கள் இடத்தைச் சுற்றிக் கரை இருந்தால் ஒரு எச்சரிக்கை. கரைக்கு உள்ளே நீர் தாமதமாகத்தான் ஏறும், தாமதமாகத்தான் வடியும். உள்ளும் புறமும் நீர்மட்டம் ஒன்றாக இருக்காது. அப்போது நீர்ஆழக் கணக்கு பொய்யாகும். கட்டட வேலையில் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் குழாயைப் பயன்படுத்துங்கள். 15 அல்லது 20 மீட்டர் குழாயில் சாயம் கலந்த நீரை நிரப்பி, உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் தட்டி வெளியேற்றி, இரு முனைகளையும் அளவுகோல்களோடு பிடித்தால் இரண்டு புள்ளிகளின் உயர வேறுபாடு ஒரு செ.மீ. துல்லியத்துக்குக் கிடைக்கும். நீண்ட தூரம் போகும்போது, புறப்பட்ட புள்ளிக்கே திரும்ப அளந்து வாருங்கள்; கணக்கு 2, 3 செ.மீ.க்கு மேல் இடித்தால் மறுபடி அளக்க வேண்டும்.

உப்பும் புளிப்பும்

30 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி, ஊறிவரும் நீரை எடுத்து உப்புமானியில் பாருங்கள். கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. சுரபுன்னைக்கு 40-ஐத் தாண்டும்போதே வளர்ச்சி மந்தமாகத் தொடங்கும். வெண்கண்டல் இன்னும் அதிகம் தாங்கும், ஆனால் 90 வந்துவிட்டால் அதுவும் பிழைப்பது அரிது. மழைக்காலத்தில் மட்டும் அளந்து திருப்தி அடையாதீர்கள். கடுங்கோடையின் முடிவில் வரும் அளவுதான் நாற்றின் ஆயுளைத் தீர்மானிக்கும்.

கைவிடப்பட்ட பண்ணைக் குளங்களில் உப்பைவிடப் புளிப்பு பெரிய தொல்லை. அலையாத்திச் சேற்றில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த பைரைட் இருக்கிறது. நீருக்கடியில் இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. குளம் வெட்டும்போது வெளியே வந்து காற்றுப்பட்டால் கந்தக அமிலமாகிறது, மண்ணின் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4-க்கும் கீழே இறங்கும். தரையில் துருநிறப் படலமோ வெளிர்மஞ்சள் புள்ளிகளோ தெரிந்தால் சந்தேகப்படுங்கள். புது மண் மாதிரியில் 30 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடை விட்டால் நுரைத்துப் பொங்கி, பி.எச். 3-க்குக் கீழே போனால் பைரைட் இருப்பது கிட்டத்தட்ட உறுதி. இந்தத் திரவம் தோலையும் கண்ணையும் பொசுக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். சோதனையின் பயன் இதுதான்: அப்படிப்பட்ட மண்ணை ஆழமாக வெட்டக் கூடாது, வெட்டியதை மேட்டில் குவித்துக் காயவிடவும் கூடாது.

நீரின் வழியைத் திறப்பது

குளக்கரையை எங்கே உடைப்பது என்பதைப் பழைய ஓடைதான் சொல்ல வேண்டும். பழைய படத்தில் ஓடை எங்கே கரையைக் கடந்ததோ அங்கே வெட்டுங்கள். திறப்பின் அகலம் பழைய ஓடைவாயின் அகலத்துக்குக் குறையாமலும், அதன் அடிமட்டம் ஓடையின் படுகையளவுக்கும் இருக்க வேண்டும். குளத்தின் தரைமட்டம் வரை மட்டும் வெட்டி நிறுத்தினால் வற்றத்தில் நீரின் ஒரு பகுதி உள்ளேயே தேங்கும். தேங்கிய நீர் வெயிலில் சுண்டி உப்பாகும். உப்பில் விதை கருகும். குறுகலாகத் திறந்தால் நீர் சீறிப் பாய்ந்து கரையை அரித்து, வெளியே ஓடையைத் தூர்க்கும்.

மண் புளிப்பானது என்றால் ஒரேயடியாகத் திறக்க வேண்டாம். பழைய மதகு இருந்தால் அதன் வழியே சில வாரங்கள் நீரை ஏற்றி வடித்து மெல்லக் கழுவுங்கள். வெளியேறும் நீரின் பி.எச்.ஐ ஓடையில் அளந்துகொண்டே இருங்கள். மொத்த அமிலமும் ஒரே வற்றத்தில் வெளியேறினால் ஓடையில் மீன் செத்து மிதக்கும். கரையை உடைக்கும் வேலையை அஷ்டமியை ஒட்டி நீர் குறைவாக ஏறும் சிற்றோத நாட்களில், நீர் வற்றியிருக்கும்போது, வெளிவாயைக் கடைசியாக வெட்டும்படி முடித்தால் முதல் வெள்ளம் சாதுவாக நுழையும்.

வெட்டி எடுத்த மண்ணைக் கால்வாயின் ஓரத்திலேயே நீளமாகக் கொட்டுவது இன்னொரு தவறு. அது புதுக் கரையாகிவிடும். குளத்துக்குள் இருக்கும் செயற்கைப் பள்ளங்களை நிரப்ப அதைப் பயன்படுத்துங்கள். மீதியை ஓரத்திலிருந்து தள்ளி, இடைவெளி விட்டுப் பரப்புங்கள். சாலைக்கு அடியில் போகும் குழாய்களையும் பாருங்கள். ஒரு குழாயின் அடி 20 செ.மீ. உயரத்தில் பதிக்கப்பட்டிருந்தால் அதற்கு அப்பாலுள்ள காடு முழுதும் தேங்கிய நீரில் நின்று சாகும்.

ஓதத்தின் ஏற்ற இறக்கம் 2, 3 மீட்டர் இருக்கும் கடற்கரையில் ஓரிரு திறப்புகள் போதும், நீரே தன் கிளையோடைகளை அறுத்துக்கொள்ளும். அங்கே நேர்நேராகக் கால்வாய் வெட்டினால் நீர் வேகமாக வடிந்து மண் அரிக்கும். ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவான இடங்களில் கதை வேறு. பிச்சாவரத்தில் பல பத்தாண்டுகள் காட்டைக் கூப்பு கூப்பாக (வெட்டுக்குக் குறித்த பகுதி பகுதியாக) மொட்டையடித்ததில், வெயில்பட்ட மண் நீர்வற்றி அமுங்கித் தட்டுப்போலக் குழிந்துபோனது. பேரோதத்தில் ஏறிய நீர் வடியாமல் தேங்கி உப்பேறியது, வெண்கண்டல்கூட முளைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990-களில் அங்கே மீன்முள் வடிவக் கால்வாய்களை வெட்டிச் சரிசெய்தன. இயற்கை ஓடையிலிருந்து ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் முதன்மைக் கால்வாய், அதிலிருந்து 30 பாகைச் சாய்வில் இருபுறமும் கிளைக் கால்வாய்கள். சாய்வாக வெட்டுவதால் நீர் முட்டாமல் நுழைந்து முட்டாமல் வடியும்.

அந்த முறையைப் பின்பற்றினால் கால்வாயின் குறுக்குவெட்டு மேலே அகன்று கீழே குறுகியதாக இருக்கட்டும். மேலே 2 முதல் 3 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் அளவுக்கு ஆழம் என்பது முதன்மைக் கால்வாய்க்குத் தொடக்கக் கணக்கு. கிளைகள் அதைவிடச் சிறியவை. அடிமட்டம் ஓடையை நோக்கிச் சரிய வேண்டும். செங்குத்தாக வெட்டிய சுவர் முதல் மழையிலேயே சரியும். நாற்று நடுவதானால் சரிவின் நடு உயரத்தில் நடுங்கள்: கீழே நட்டால் மூழ்கும், உச்சியில் நட்டால் காயும். கால்வாய் வாயில் சேறு படிவது நிச்சயம். ஆண்டுதோறும் தூர்வார ஆளும் பணமும் இல்லையென்றால் கால்வாய் வெட்டத் தொடங்கவே வேண்டாம். பராமரிக்காத மீன்முள் மூன்றாம் ஆண்டில் மீண்டும் தேங்கிய குட்டையாகிவிடும்.

வெட்டும் முன் அந்த நீரைப் பயன்படுத்துவோரிடம் பேசுங்கள். படகு போகும் தடம், நண்டு பிடிக்கும் ஓடை, கரையின் சொந்தக்காரர், துறை அனுமதி எல்லாம் காகிதத்தில் வந்த பிறகே வேலை தொடங்கட்டும்.

கரை அரித்துக்கொண்டே போகும் இடத்தில் மேற்சொன்னது எதுவும் பலிக்காது. அங்கே முதலில் சேறு படிய வேண்டும். மூங்கில்களை இரு வரிசையாக ஊன்றி நடுவில் சுள்ளிக்கட்டுகளை அடைத்த தடுப்புகள் அலையின் வேகத்தைக் குறைத்து, நீரை விட்டுச் சேற்றை மட்டும் பிடிக்கும். சுள்ளியை ஆண்டுதோறும் நிரப்ப வேண்டும். இந்தோனேசியாவின் டெமாக் கடற்கரையில் இத்தகைய தடுப்புகளுக்குப் பின்னால் சேறு படிந்து வெண்கண்டல் முளைத்தது. ஆனால் நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் தரையே தாழ்ந்துகொண்டிருந்ததால் அந்தப் பலனில் பெரும்பகுதி நீருக்கடியில் போனது. அடிப்படைக் காரணத்தைத் தொடாமல் தடுப்பு மட்டும் கட்டினால் இப்படித்தான் ஆகும்.

விதையும் நாற்றும்

நீர் சரியான பிறகு ஒரு விதைப்பருவமாவது காத்திருங்கள். தானாக முளைப்பவற்றைச் சதுர மீட்டர் கணக்கில் எண்ணுங்கள். போதிய அளவில் வந்தால் உங்கள் வேலை காவல் மட்டுமே. விதை வரவில்லை, ஆனால் நிலமட்டம் சரி என்றால் மலிவான வழி ஒன்று உண்டு: அருகிலுள்ள காடுகளில் கரையொதுங்கிய விதைகளைப் பல இனங்களாகச் சேகரித்து, பேரோதத்தில் நீர் ஏறத்தொடங்கும் நேரத்தில் வாய்க்காலில் மிதக்கவிடுங்கள். பல நாட்களில் பிரித்துச் செய்ய வேண்டும். எந்த இனம் எந்த உயரத்தில் ஒதுங்க வேண்டும் என்பதை நீரே பிரித்துவைக்கும். வெண்கண்டல் விதைக்கு ஒதுங்கிய பின் நீர் தூக்கிப்போகாத சில நாட்கள் கிடைத்தால்தான் வேர் பிடிக்கும். அதனால் பேரோதத்தின் உச்சியிலும் அதை அடுத்தும் விடுவதே பலன் தரும்.

நடத்தான் வேண்டுமென்றால், அதே மட்டத்தில் ஒப்புமைக் காட்டில் என்ன நிற்கிறதோ அதை நடுங்கள். சுரபுன்னைக் காய் நீளமானது, சேற்றில் குத்தினால் நிற்கும், படத்தில் அழகாகத் தெரியும். இந்த வசதிக்காகவே உலகெங்கும் அது ஒன்றையே நட்டுத் தள்ளுகிறார்கள். திறந்த கரையில் முதலில் வந்து காலூன்றுபவை வெண்கண்டலும் சோனரேஷியாவும்தான். சுரபுன்னை பெரும்பாலும் ஓடையோரத்துக்கும் ஒதுக்கமான இடத்துக்கும் உரியது. ஒரே இனத்தின் ஒரே வயதுத் தோப்பில் நண்டு, நத்தை, பறவை வகைகளும் குறைவாகவே இருக்கும்.

சுரபுன்னையின் காய் தாய்மரத்திலேயே முளைவிட்டுத் தொங்குவது. கையால் மெல்லத் தொட்டாலே கழன்று வந்தால் முற்றியது. இழுத்துப் பறிக்க வேண்டியிருந்தால் இன்னும் நாளிருக்கிறது. காயின் தலைப்பக்கம் தெரியும் வளையம் பெரிய இலைச் சுரபுன்னையில் மஞ்சளாகவும், சிற்றிலைச் சுரபுன்னையில் செம்மையாகவும் மாறியிருக்கும். ஊசித்துளை போன்ற ஓட்டை இருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது, தனியே எடுத்து அகற்றுங்கள். ஒரு மரத்தை மொட்டையடிக்காமல் பல மரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேகரியுங்கள். ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் சில வாரம் தாங்கும். வெண்கண்டல் விதை அவ்வளவு பொறுமையானதல்ல: ஒரு நாள் நீரில் ஊறினால் மேல்தோல் கழன்றுவிடும், அடுத்த சில நாட்களுக்குள் மண்ணில் வைத்துவிட வேண்டும்.

சுரபுன்னைக் காயை நேரடியாக ஊன்றும்போது மூன்றில் ஒரு பங்கு மட்டும் சேற்றில் இறங்கட்டும். கூர்முனை கீழே, மொட்டுப்பக்கம் மேலே. கேட்கச் சிரிப்பாக இருக்கலாம், கூட்டமாக நடும் நாளில் தலைகீழாக ஊன்றப்படுபவை கணிசம். வெண்கண்டலை நாற்றங்காலில் வளர்ப்பதே நல்லது. ஏற்றத்தில் நாளும் நீர் தொட்டுப்போகும் ஒதுக்கமான கரையில் பைகளை அடுக்கி, அந்த இடத்துச் சேற்றையே நிரப்புங்கள். தோட்டத்துச் செம்மண்ணும் நன்னீரும் கொடுத்துக் கொழுகொழுவென வளர்த்த நாற்று, உப்பு மண்ணுக்குப் போனதும் சுருண்டுவிடும். 3, 4 மாதத்தில் 30 செ.மீ. வந்ததும் நடலாம். கடைசி ஒரு மாதம் நிழல்வலையை எடுத்துவிடுங்கள். வேர் பையைத் துளைத்துத் தரையில் இறங்காமல் அவ்வப்போது பைகளை இடம் மாற்றுங்கள். நடும்போது தண்டைப் பிடித்துத் தூக்காதீர்கள், வேர்க்கட்டு உடையும். உரித்த பைகளை எண்ணித் திரும்ப எடுத்து வாருங்கள்.

நடவுக்கு உகந்த நேரம், மழை உப்பைக் கழுவிய பிறகு, புயல் பருவம் ஓய்ந்ததும், சிற்றோதம் தொடங்கும் நாள். அலையில்லாத இடத்தில் ஒன்றரை, இரண்டு மீட்டர் இடைவெளி போதும். காற்றும் அலையும் உப்பும் மிகுந்த இடத்தில் ஐந்தாறு நாற்றுகளைக் கைப்பிடியளவு இடைவெளியில் கொத்தாக நடுவது தனித்தனியாக நடுவதைவிடத் தாங்கும். ஒன்றுக்கொன்று நிழலாகும், சேற்றையும் பிடித்துக்கொள்ளும். கொத்துகளுக்கு இடையே தாராளமாக இடம் விடுங்கள். தானாக வரும் இனங்களுக்கு அந்த இடம் வேண்டும்.

நட்ட பின் வரும் கேடுகள்

தண்டில் கொட்டலசு அடர்ந்தால் பலரும் சுரண்டி எடுக்கிறார்கள். பட்டை உரிந்து நாற்று இன்னும் சீக்கிரம் சாகிறது. அடர்ந்த கொட்டலசு, நிலம் மிகத் தாழ்வு என்பதற்கான அடையாளம். மறுநடவை மேலே நகர்த்துவதே தீர்வு. பச்சைப் பாசி நூல்களும் கிழிந்த வலைகளும் சிக்கினால் ஒவ்வொரு பேரோதத்துக்குப் பின்னும் கையால் எடுத்துவிடுங்கள், அவற்றின் பாரமே நாற்றைச் சாய்த்துவிடும். ஆடுமாடுகளுக்கு வெண்கண்டல் இலை மிகப் பிடிக்கும். கன்று ஆளுயரம் வரும்வரை நிலப்பக்கத்தில் வேலி வேண்டும். நீர்ப்பக்கத்தில் வேலி போட்டால் மீனும் நண்டும் வர முடியாது. வெண்கண்டலைப் புழுக்கள் மொட்டையடித்தாலும் மருந்து தெளிக்காதீர்கள்: அது மீண்டும் தளிர்க்கும், மருந்தோ இறாலையும் நண்டையும் கொல்லும். சுரபுன்னையின் முதிர்ந்த கிளையை வெட்டினால் அது தழைக்காது, ஆகவே விறகுக்கு வெட்டுவது தொடரும் இடத்தில் அந்த இனத்துக்குக் காவல் கூடுதலாக வேண்டும்.

எதை எண்ணுவது

நட்ட நாற்றின் எண்ணிக்கையை வைத்து வெற்றியைச் சொல்லும் வழக்கம்தான் இத்தனை வீண் நடவுகளுக்கும் காரணம் என்று உறுதியாக நம்புகிறோம். வேலை தொடங்கும் முன்பே ஒரு கணக்கு எடுங்கள்; பிறகு 3, 6, 12 மாதங்களிலும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை குறைந்தது ஐந்தாண்டும் எடுங்கள். ஒப்புமைக் காட்டிலும் அதே நாட்களில் அதே கணக்கு வேண்டும். இல்லாவிட்டால் மாற்றம் உங்கள் வேலையால் வந்ததா, மழை நன்றாகப் பெய்ததால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

5 மீட்டர் சதுரங்களில் கன்றுகளை இனவாரியாக எண்ணுங்கள், நட்டவை தனி, தானாக வந்தவை தனி. அரை மீட்டர் சதுரச் சட்டத்தைப் பத்து இடங்களில் வைத்து நண்டு வளைகளையும் நத்தைகளையும் எண்ணுங்கள். எப்போதும் ஒரே பிறைநாளில், ஒரே வற்ற நேரத்தில். நண்டு வளைகள் மண்ணுக்குள் காற்றையும் நீரையும் கொண்டுபோவதால், அவை பெருகுவது மண் உயிர்பெறுவதற்கு நல்ல அறிகுறி. வாய்க்கால் வாயில், நீர் வடியும் நேரத்தில், ஒரே கண்ணளவு வலையை ஒரே நேர அளவுக்கு வைத்து வரும் மீன்குஞ்சுகளையும் இறால்குஞ்சுகளையும் இனம் பிரித்து எண்ணி, உயிரோடு விட்டுவிடுங்கள். பறவைகளை வற்றத்தில் இரைதேடும் இடத்திலும், ஏற்றத்தில் ஒதுங்கும் இடத்திலும் இருமுறை பார்க்க வேண்டும். உப்பும் நிலமட்டமும் ஒவ்வொரு முறையும் கூடவே அளக்கப்படட்டும். நான்கைந்து குறிக்கம்பங்களிலிருந்து ஒரே திசையில் படம் எடுத்துச் சேர்த்துவையுங்கள்.

மூன்றாம் ஆண்டில் ஒரு பகுதி மட்டும் வெறுமையாக இருந்தால் மறுநடவுக்கு அவசரப்படாமல் குழாய்மட்டத்தை எடுத்துக்கொண்டு அங்கே போங்கள். அநேகமாக ஒரு சாண் தாழ்ந்திருக்கும், அல்லது ஒரு கிளையோடை தூர்ந்திருக்கும். ஓடையென்றால் தூர்வாருங்கள். தாழ்வென்றால் அதைக் குட்டையாகவே விட்டுவிடுங்கள். வற்றத்திலும் நீர் நிற்கும் அந்த இடத்தில் மீன்குஞ்சுகள் ஒதுங்கும், அவற்றைத் தேடி கொக்கும் மீன்கொத்தியும் வரும்.